பெயர் சொல்லாத ஒன்பது நாள்

துருக்கி மொழி கற்றுக்கொள்கிறேன் என்று சில மாதங்களுக்கு முன்னால் இந்தப் பத்தியில் நான் பீற்றிக்கொண்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 'இந்த வயதில் எதற்கு?' என்றுகூடச் சிலர் எழுதியிருந்தீர்கள். சீரியல் பார்க்கத்தான்... வேறெதற்கு?

அந்தப் பீற்றல் போன செவ்வாய்க்கிழமை என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தை இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள் மைமூன். சொந்த ஊர் கடையநல்லூர். நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கணவருக்குத் துருக்கியில் கட்டட வேலை. அந்தச் செவ்வாய்க்கு ஒன்பது நாள் முந்தி, ஞாயிற்றுக்கிழமை மாலையில், போனைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தாள்.

"அக்கா, சாரம் சரிஞ்சு அவுக விழுந்துட்டாகளாம். ஆஸ்பத்திரி நம்பர் மட்டும் ஏஜென்ட் அனுப்பிருக்காரு. போட்டுப் பேசுனா ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. நீங்க அந்தப் பாஷை படிக்கீகல்லா?"

படிக்கிறேன்தான். என்ன கிழித்திருக்கிறேன்? ப்ரோநவுன் பாடத்தைத் தாண்டவில்லை. பென் – நான். சென் – நீ. பிஸ் – நாம். ஸிஸ் – நீங்கள். அவன், அவள், அவர், அது... எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 'ஓ'. அதோடு சீரியலில் பொறுக்கிய சில்லறைச் சொற்கள். மொத்தச் சரக்கே இவ்வளவுதான்.

'எனக்குத் தெரியாது, தெரிந்த ஆளைத் தேடுவோம்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லை. ஒரு மொழியில் நான், நீ, அவர் என்று சொல்ல வந்துவிட்டால் பாதி மொழியே வந்துவிட்ட மாதிரி ஒரு தெனாவட்டு வருமே, அது எனக்கு வந்திருந்தது.

"நானே கேக்கேன்க்கா. என் வாயால கேட்டாத்தான் மனசு ஆறும்" என்றாள் மைமூன்.

சொல்லிக்கொடுத்தேன். "ஹிந்திஸ்தான். பென் எஷி. ஓ நாசில்?" இந்தியா, நான் மனைவி, அவர் எப்படி இருக்கிறார்? இலக்கணம் தப்பாக இருக்கும். ஆனால் விளங்கிவிடும் என்றேன்.

"ஒத்த எழுத்துல அவுகளச் சொல்லிறலாமா?" என்று அழுகைக்கு நடுவிலும் லேசாகச் சிரித்தாள். எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் இன்னமும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டைத்தான் நீட்டுவார்கள். மைமூனும் அந்த ரகம். இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள், எனக்கே அவர் பெயர் தெரியாது. அந்த 'ஓ' அவளுக்கென்றே செய்து வைத்த சொல் என்று நானும் ரசித்தேன்.

ஸ்பீக்கரில் போன் போட்டாள். கேட்டாள். ஒரு நர்ஸ் பதில் சொன்னார். "இயி, இயி." நன்றாக இருக்கிறார்!

மறுநாளும் இயி. அதற்கு மறுநாளும் இயி. 'அவர்கிட்ட போனைக் குடுங்க' என்று கேட்க எங்கள் இருவருக்கும் மொழி பற்றவில்லை. ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை அவள் நேர்ச்சைச் சோறு ஆக்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். நானும் ஒரு பிடி பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை எடுத்தது வேறு குரல், ஆண் குரல். "இஸிம்?" என்றார். பெயர் என்ன என்கிறார் என்றேன். மைமூன் வழக்கம்போல் "ஓ... ஓ..." என்றாள். "இஸிம்?" என்றார் மறுபடியும்.

"அக்கா, வாய் வரமாட்டேங்கு."

"சொல்லுட்டி, லைன் கட்டாயிரும்!" என்று அதட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். "சேக் மைதீன்." கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். "பாஷினிஸ் சா ஒல்சுன்."

துருக்கி சீரியல் பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வது.

"என்னக்கா சொல்லுதாரு? நல்லா இருக்காகளா?"

நான் என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவள் போட்ட சத்தம் மட்டும் இருக்கிறது.

அவள் கொழுந்தன் நேரில் போய் உலுக்கிய பிறகுதான் ஏஜென்ட் வாயைத் திறந்தார். சாரத்திலிருந்து விழுந்தது இரண்டு இந்தியர்கள். ஒருவருக்குக் கால் முறிவு, தேறி வருகிறார். சேக் மைதீன் அந்த ஞாயிற்றுக்கிழமையே இறந்துவிட்டார். நர்ஸ் பொய் சொல்லவில்லை. தன் வார்டில் இருந்த இந்தியரைப் பற்றித்தான் தினமும் சொல்லியிருக்கிறார்.

முதல் நாளே பெயரைக் கேட்டு நான் ஒரு தாளில் எழுதியிருந்தால்? எழுதவில்லை. நான்தான் எழுதவில்லை.

அடக்கம் அங்கேயே முடிந்துவிட்டது. நேற்று மாடிக்குப் போனேன். இத்தாவில் இருக்கிறாள். கணவன் இறந்த நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்க வேண்டும்.

"ஒம்பது நாளு எனக்குத் தெரியாமலே போயிட்டேக்கா. அவுக மையத்து அங்கன ஐஸ்ல கெடக்க... நான் இங்கன வளையலப் போட்டுக்கிட்டு சோறு ஆக்கிப் பங்கு வச்சுருக்கேன்."

"என்னய மன்னிச்சிரு மைமூன்" என்றேன். அவள் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.  தன் போனை என் பக்கம் தள்ளினாள்.

"அந்தக் கால் ஒடிஞ்சவரு வீட்டுலயும் ஒருத்தி தகவல் தெரியாமத்தான கெடப்பா? நல்லா இருக்காருன்னு அவகிட்ட யாரு சொன்னா? அவரு யாருன்னு கேளுங்கக்கா."

நம்பரை அழுத்தினேன். அதே நர்ஸ்தான் எடுத்தார். இந்த முறை முதலில் பெயரைக் கேட்டேன்.