சுடாத துப்பாக்கிக்கு ஒரு சாம்பிள்

லேத் மிஷின் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் அதில் ஒரு துண்டு இரும்புகூடக் கடைந்திருக்கவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் கார் ஷெட்டில், காரை வெயிலில் நிறுத்திவிட்டு, அதை உள்ளே வைத்திருந்தேன். தினமும் துடைப்பேன், எண்ணெய் போடுவேன், சும்மா ஓடவிட்டுச் சத்தம் கேட்பேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியே தலை நரைத்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன் நான். கரும்பலகையில் எழுதியதையெல்லாம் ஒருமுறையாவது கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஒரே அரிப்பு.

செய்ய நினைத்தது துப்பாக்கி. பயப்பட வேண்டாம், சுடாத துப்பாக்கி. குழலில் துளையே கிடையாது, கெட்டிக் கம்பி. அலமாரியில் வைத்துப் பார்க்க ஒரு மாதிரி, அவ்வளவுதான். ஆனால் எந்த மாதிரி? திங்கட்கிழமை, பின்பக்கத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளும் ரைஃபிள்தான் என்று முடிவு செய்வேன். அதில் உருண்டையான பாகங்கள் அதிகம், லேத்துக்குத் தோதானது. புதன்கிழமை அது சலித்துவிடும். பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு கட்டை இறங்குமே, ஒரு தடவைக்கு ஒரே குண்டு போடும் அந்தப் பழைய ரைஃபிள் கண்ணைப் பறிக்கும். சனிக்கிழமை இரண்டும் வேண்டாம், எளிமையான நாட்டுத் துப்பாக்கியே போதும் என்று படும். மறுபடியும் திங்கட்கிழமை வரும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் வரைபடம் கிடக்கும்.

“ஏனுங்க, சுடாத துப்பாக்கிக்கு எதுக்குங்க இத்தன ரோசன?” என்று மனைவி கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பதில் இல்லாத கேள்விக்கு வேறு என்ன வரும்?

லாரிப் பட்டறைகள் இருக்கும் வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு லேத்காரர் இருந்தார். வரைபடங்களை அள்ளிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. “சாம்பிள் இருக்குதுங்களா சார்?” என்றார். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லாமே அப்படித்தான். லாரிக்காரரோ போர்வெல் ரிக் வண்டிக்காரரோ உடைந்த சாமானைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைப்பார். அதைப் பார்த்து இன்னொன்று கடைவார்கள். “பேப்பரப் பாத்தா கை ஓடாதுங்க. சாமானக் கையில புடிச்சாத்தானுங்க புத்தி வரும்” என்றார். எனக்கு ஞானம் பிறந்தது போல இருந்தது. ஒரு சாம்பிள் கிடைத்தால் நானும் முடிவெடுத்துவிடுவேன்!

வெண்ணந்தூரில் என் மனைவியின் அண்ணன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறார். மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகளை விரட்ட அவரிடம் லைசன்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி ஒன்று உண்டு. லைசன்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையை விட்டு அது போகக் கூடாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் கேட்டேன். தங்கையின் புருஷன் வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பழைய வேட்டியில் சுற்றி அவரே கார் டிக்கியில் வைத்தார். “ஒரு வாரந்தானுங்க மாப்ள” என்றார்.

ஒரு வாரம் ஐந்து வாரம் ஆனது. முதல் நாளே கழற்றிவிட்டேன். குழலை அளந்தேன், பிடியை அளந்தேன். விசையை இழுத்தால் மேலிருந்து வந்து தட்டுமே, குதிரை என்பார்கள், அதைப் பிடித்திருக்கும் திருகாணியின் மரை மட்டும் பிடிபடவில்லை. அந்தத் திருகாணியை லேத்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குள் தாழ்ப்பாள் ரைஃபிள் மீது மறுபடி ஆசை வந்துவிட்டது. துப்பாக்கி ஒரு தட்டில் பாகம் பாகமாகக் கிடந்தது.

அப்போதுதான் தேர்தல் அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை மச்சான் போன் செய்தார்.

“மாப்ள, சாமான் பத்தரமா இருக்குதுங்களா?”

“இருக்குது மச்சான்.”

“எலெக்சன் முடியற வரைக்கும் லைசன்ஸ் சாமான் எல்லாத்தையும் போலீஸ் டேசன்ல ஒப்படைக்கோணுமாமுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ளாறயாம். நான் வந்து எடுத்துக்கட்டுங்களா?”

“வேண்டாம், நானே கொண்டு வர்றேன்” என்றேன். துப்பாக்கி என்னிடம் இருப்பது தெரிந்தால் லைசன்ஸ் போகும், கேஸ் அவர் மீது விழும். திருகாணியைத் தேடிப் பட்டறைக்கு ஓடினேன். லேத்காரர் சாம்பிள் டப்பாவைக் கொட்டிக் கிளறினார். “நீங்க அப்பறம் வரவே இல்லீங்களே சார். போன வாரம் பழைய இரும்போட போயிருக்கும்.” பிறகு, பழக்க தோஷம், “வேற சாம்பிள் இருக்குதுங்களா?” என்று கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மூன்று துப்பாக்கிகளுக்கு வரைபடம் வைத்திருந்தவனிடம் ஒரு திருகாணியின் அளவு இல்லை. ஆணி போன ஓட்டைதான் மிச்சம். அதையே சாம்பிளாக வைத்து என் லேத்தை முதல்முறையாக வேலைக்கு ஓட்டினேன். முதல் ஆணி முறிந்தது. அடுத்தது ஒல்லி, அதற்கடுத்தது பருமன். மனைவி பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள். மறுநாள் காலை காப்பிகூடக் குடிக்காமல் கடைந்த ஐந்தாவது ஆணி இறுகிப் பிடித்தது.

வெண்ணந்தூரில் மச்சான் வேட்டியைப் பிரித்தார். கறுத்துப்போன துப்பாக்கியில் அந்த ஆணி மட்டும் பளபளவென்று மின்னியது. வாசலில் நின்ற சைக்கிள் செயினிலிருந்து கருப்பு மசியை விரலில் எடுத்து அதன் மேல் பூசினார். இரண்டு தடவை பூசினார்.

ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நின்றேன். அவர் ரசீதோடு வெளியே வந்தார். எதிர்க் கடையில் டீ குடித்தோம். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலெக்சன் முடிஞ்சும் இத வாங்க வேண்டாம்னு இருக்கறனுங்க மாப்ள. லைசன்ஸையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றனுங்க.”

“அப்போ பன்னிக்கு?”

“பன்னி திங்கறதத் தின்னுட்டுப் போகுதுங்க. நீங்க இன்னொருக்காக் கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாதுங்களே.”

இனிமேல் கேட்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. என் புத்தி எனக்குத் தெரியும். சொன்னால் அவர் நம்பிவிடுவார்.