ஊசிக்கு முன் ஐந்து படம்

மூன்றாவது படத்துக்கு வரும்போது ஊசி உள்ளே போயிருக்கும். நான்காவது படத்தில் குழாய் நிறையும். ஐந்தாவது எது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "ஆச்சுங்க, கையை மடக்கிப் புடிச்சுக்குங்க" என்று பஞ்சை வைத்து அழுத்திவிடுவார் வினோலியா. "அட, எப்பங்க குத்துனீங்க?" என்று கேட்காமல் எழுபவர்கள் குறைவு. ஆனால் எழ முடியாது. ஐந்தாவது படம் பாக்கியிருக்கிறது. "சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது. பாதியில வுட்டுட்டுப் போனீங்கன்னா எனக்குச் சோறு எறங்காது."

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மருத்துவமனையின் ரத்தம் எடுக்கும் அறை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, கை வைக்க ஒரு ரெக்சின் மெத்தை, ஸ்பிரிட் வாசனை. இருபது வருடங்களுக்கு மேலாக டவுன்ஷிப்பின் பாதிக் கைகள் அந்த மெத்தையில் படுத்து எழுந்திருக்கின்றன.

கையை நீட்டுகிறவர் தனக்குப் பிடித்த ஐந்து சினிமாவைச் சொல்ல வேண்டும். படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது வினோலியாவின் முதல் சட்டம். நடித்தவர்களின் பெயரும் கூடாது. "பேரச் சொன்னா ஒரே நொடியில முடிஞ்சிடும். அதுக்குள்ள எனக்கு நரம்பே கெடைக்காது. எந்த எடம் புடிச்சுது, யாரு எப்படி நின்னாங்க, அதச் சொல்லுங்க." சொல்லத் தொடங்குபவர் முதலில் தரையைப் பார்த்துச் சொல்வார். பிறகு சுவரைப் பார்த்து. பிறகு சுவரே அங்கே இல்லாததுபோல. அதற்குள் வினோலியாவின் இடது கட்டைவிரல் நரம்பைக் கண்டுபிடித்திருக்கும்.

இரண்டாவது சட்டம், கதாநாயகனைச் சொல்லக் கூடாது. "அவரை எல்லாரும்தான் பாக்கறாங்க. கூட நின்னவங்க யாரு?" இந்த ஒரு கேள்வியால் அந்தச் சின்ன அறைக்குள் பெயர் தெரியாத நடிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்துபோயிருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டே அழுகையை அடக்கிய சமையல்காரர். நீதிமன்றத்தில் கொட்டாவி விட்ட காவலர். படம் முழுவதும் ஒரே ஒரு வசனம், அதையும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிய மாமியார்.

வெளியே பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே வரும் முன்பே தயாராகிவிடுவார்கள். எல்லா மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு வந்து சேர்ந்த ஊர் இது. சாதாரண நாளில் திருநெல்வேலிக்காரரும் சேலத்துக்காரரும் சாம்பாரைப் பற்றிக்கூட ஒத்துப்போவதில்லை. அந்தப் பெஞ்சில் மட்டும், "யோவ், அது என்னோட ரெண்டாவதுய்யா, நீ எடுத்துக்காதே" என்று ஒரே காட்சிக்குச் சண்டை போடுவார்கள். முதலில் சொன்னவருக்கே படம் சொந்தம் என்பதுபோல.

கேட்டுக் கேட்டு வினோலியாவுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டிருக்கின்றன. சுரங்கத்தில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு யாரும் பேசாத காட்சிகள் பிடிக்கும். ஷிப்ட் முழுக்க இரைச்சலில் கிடந்த காது அது. அனல்மின் நிலையத்துக்காரர்கள் தவறாமல் ஒரு மழையைச் சேர்ப்பார்கள். சர்க்கரை பார்க்க வரும் கருணாகரன் எப்போதும் ஐந்தும் சண்டைக் காட்சியாகவே சொல்வார். ஒரு முறை நான்காவதாக, மகளுக்குப் பூ வைத்துவிடத் தெரியாமல் தடுமாறும் அப்பா ஒருவர் அவர் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொண்டார். "வீட்ல பொண்ணு பாக்க வந்துட்டாங்களா?" என்று கேட்டார் வினோலியா. கருணாகரன் திறந்த வாயை மூடுவதற்குள் குழாய் நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வினோலியாவும் கணவர் கிறிஸ்துதாசும் படத்துக்குப் போவார்கள். கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிறிஸ்துதாஸ் குளிர்சாதனத்துக்காக மட்டும் வருகிறவர். முதல் பாட்டிலேயே குறட்டை. வினோலியா கடைசி எழுத்து திரையில் ஏறி மறையும் வரை அசையமாட்டார். கூட்டம் போன பிறகு விளக்குமாற்றோடு ஆள் வந்து, "அம்மா, காலைத் தூக்குங்க" என்று சொன்னால்தான் எழுவார். "சமைச்சவங்க பேரு கடைசியிலதான் வரும். பாக்காம எழுந்தா, சாப்ட்டுட்டு எலையை மூடாம போற மாதிரி."

அவருடைய ஐந்து எது? அதுதான் யாருக்கும் தெரியாது. டோக்கன் கூப்பிடும் உதவியாளர் ராஜாங்கம் வருடக்கணக்காகக் கேட்டுப் பார்த்துவிட்டார். தீபாவளிக்குக் கேட்டார், பொங்கலுக்குக் கேட்டார், காய்ச்சலில் படுத்திருந்தபோது போன் போட்டுக் கேட்டார். "ஓட்டு எண்ணறவங்க தன் ஓட்டைக் காட்டலாமா? நான் சொல்லிட்டா, நாளையிலேர்ந்து எல்லாரும் எனக்குப் புடிச்சதையே சொல்வாங்க. போய் டோக்கனைக் கூப்பிடு."

வந்த கையைக் குத்தாமல் அனுப்பியதில்லை என்று வினோலியாவுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையை இரண்டு முறை உடைத்தவர் சடையப்பன்.

கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். அவர் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்தார். ஒருவழியாக இந்த முறை பெர்மனெண்ட் ஆகும் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. மெடிக்கல் முடிக்க வேண்டும். காது, கண், நெஞ்சு எல்லாம் முடிந்தது. ரத்தம் மட்டும் நின்றது. முதல் முறை, ஊசியின் உறையைக் கழற்றும் சத்தத்துக்கே மயங்கி நாற்காலியோடு சாய்ந்தார். இரண்டாவது முறை, கையில் கட்டிய ரப்பர் பட்டையோடு எழுந்து போய் கம்மாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். மறுநாள் அவருடைய மனைவி வீரம்மாள் அந்தப் பட்டையைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றாவது முறை வீரம்மாள் முன்னால் வந்தார். சடையப்பன் பின்னால், முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல்.

"இன்னியோட கடைசிங்க சிஸ்டரு. இன்னிக்கு ரத்தம் குடுக்கலன்னா பேரத் தூக்கிட்டு அடுத்த ஆளப் போட்டுடுவாங்களாம். நெலத்தையும் குடுத்துட்டு, இத்தினி வருசம் கான்ட்ராக்ட்ல கெடந்துட்டு, ஒரு ஊசிக்குப் பயந்துகினு ஓடறாரு பாருங்க. வெடி வைக்கிற எடத்துல போயி நிப்பாரு. கொசு கடிச்சா நாலு நாளைக்குச் சொல்லிகினு இருப்பாரு."

"நாலு பேரக் கூப்பிட்டுப் புடிச்சுக்கலாமா மேடம்?" என்றார் ராஜாங்கம்.

"இங்க என்ன ஆடா உரிக்கிறோம்? நீ வெளிய போ."

சடையப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை. இரண்டு கைகளும் அக்குளுக்குள் இருந்தன.

"மயக்கம் வந்துடுங்க சிஸ்டரு."

"வரட்டும். அஞ்சு படம் சொல்லிட்டு மயங்குங்க."

"நான் ஒரு படமும் முழுசாப் பாத்ததில்லீங்க."

வீரம்மாள் சிரித்துவிட்டார். "அது மட்டும் நெசம். இவருக்கு எப்பவும் ரெண்டாம் ஷிப்ட்டு. மந்தாரக்குப்பத்துல காலைக் காட்சி பாப்பாரு. இடைவேளை வுட்டா பஸ்ஸுக்கு ஓடணும். அப்பிடியே பழகிப்போச்சு. வூட்டுல டிவில போட்டாலும், இடைவேளைன்னு எழுத்து வந்தா எழுந்து சட்டையை மாட்டிக்குவாரு. இல்லாட்டித் தூங்கிடுவாரு."

வினோலியா கையிலிருந்த ரப்பர் பட்டையைக் கீழே வைத்தார். கடைசி எழுத்து வரை உட்காருகிறவருக்கு எதிரே, இடைவேளையைத் தாண்டாத ஒரு மனிதர்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"சரி. பாதிப் படமாவே சொல்லுங்க."

சடையப்பன் தரையைப் பார்த்தார். "ஒண்ணு இருக்குதுங்க. அண்ணங்காரன் லாரி ஓட்டறான். தங்கச்சி தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கினான்னு பேசறதில்ல. அவளுக்கு அங்க வாழ்க்கை சரியில்ல. ராவுல பொட்டியத் தூக்கிகினு ரோட்டுக்கு வந்துடறா. மழை." இப்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தங்கச்சியா வந்த பொண்ணு யாரோ தெரியலீங்க. ஒரு வார்த்த பேசல. ஆனா பொட்டியக் கீழ வைக்கல பாருங்க. கை வலிக்குது, தோள் எறங்குது, ஆனா வைக்கல. கீழ வச்சிட்டா அண்ணன் வரமாட்டான்னு நெனச்சுகினு நிக்கறா. தூரத்துல லாரி லைட்டு தெரியுது. அவ்ளோதாங்க. இடைவேளை. நான் பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

வினோலியாவிடம் எத்தனையோ பேர் அதே படத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மழையைச் சொன்னார்கள், லாரியைச் சொன்னார்கள். பெட்டியை யாரும் சொன்னதில்லை.

"அப்புறம் என்ன நடந்திருக்கும்னு நெனைக்கறீங்க?"

"இதுல நெனைக்க இன்னா இருக்குது? லாரி நிக்கும். எறங்குவான். பொட்டிய வாங்கிக்குவான். வூட்டுக்கு இட்டுகினு போவான்."

வீரம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "என்கிட்டயும் இப்பிடித்தாங்க கத சொன்னாரு. அப்பறம் நான் டிவில முழுசாப் பாத்தேன். இவருகிட்டச் சொல்லல. இவரு சொன்ன முடிவே நல்லா இருந்துச்சு."

சடையப்பன் திரும்பினார். "நீ பாத்தியா? எப்போ? அப்ப முடிவு வேறயா?"

"என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்" என்றார் வினோலியா. "சட்டையைச் சுருட்டுங்க. கை என்கிட்ட வந்தாத்தான் எனக்கு வாய் தொறக்கும்."

அக்குளிலிருந்து வலது கை மெதுவாக வெளியே வந்தது. பொத்தான் கழன்றது. சட்டை முழங்கைக்கு மேலே ஏறியது. அந்தக் கை மெத்தையில் படுத்தபோது வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ராஜாங்கம் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"லாரி வருது" என்றார் வினோலியா, பட்டையைக் கட்டியபடி. "வைப்பர் ஓடுது. கண்ணாடி வழியா அண்ணன் பாக்கறான். மொதல்ல பொட்டி தெரியுது. அப்புறம் கை." கட்டைவிரல் நரம்பைத் தொட்டுவிட்டது. பஞ்சு ஒரு முறை போய்வந்தது. "அப்புறம் மொகம். தங்கச்சின்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுபோச்சா? அப்பறம்?"

"நிக்கல."

"நிக்கலியா!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஊசி உள்ளே போயிருந்தது.

"அதெப்பிடிங்க நிக்காம போவான்? கூடப் பொறந்தவ மழைல நிக்கறா, இவன் பாட்டுக்கு..."

"கையை ஆட்டாதீங்க. போயிட்டான்."

ஊதா மூடிக் குழாய் நிறைந்தது.

"அண்ணனா அவன்? படம் எடுத்தவனுக்கு அக்கா தங்கச்சியே கெடையாதா?"

சிவப்பு மூடிக் குழாய் நிறைந்துகொண்டிருந்தது. "ரொம்பத்தான்" என்றார் வீரம்மாள். "சொந்தத் தங்கச்சி நெல்லிக்குப்பத்துல இருக்குது. போன ஆடிக்குப் போய் எட்டிப் பாத்தீங்களா? சினிமாத் தங்கச்சிக்குச் சண்டைக்கு வராரு."

"அவன் போனாத்தான்யா செகண்டு ஆஃபே இருக்கு!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ சும்மா இருய்யா, நீயெல்லாம் முழுசாப் பாத்த ஆளு" என்று சடையப்பன் வாசலைப் பார்த்துக் கத்தினார். சாம்பல் மூடிக் குழாயும் முடிந்தது.

"எனக்கு இதுதாங்க ஒண்ணாவது படம்" என்றார் வினோலியா, ஊசியை வெளியே எடுத்துக்கொண்டே. "ஏன்னா, லாரி போனதுக்கு அப்புறமும் அவ பொட்டியக் கீழ வைக்கல."

"மேடம்!" ராஜாங்கம் அறைக்குள் பாய்ந்துவிட்டார். "இப்ப என்ன சொன்னீங்க? ஒண்ணாவதா? எத்தனை வருசமாக் கேக்கறேன், இவருகிட்டச் சொல்றீங்க!"

"ஆச்சுங்க. கையை மடக்கிப் புடிச்சுக்குங்க."

"இன்னா ஆச்சு?" என்றார் சடையப்பன்.

வினோலியா மூன்று குழாய்களையும் அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார். சடையப்பன் குழாய்களைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், மறுபடி குழாய்களைப் பார்த்தார்.

"என்னுதா?"

"பின்ன என்னுதா?"

"எடுத்துட்டாங்கய்யா!" என்று வீரம்மாள் வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னார். என்ன ஏது என்று தெரியாதவர்கள்கூடக் கை தட்டினார்கள். பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர், "பெர்மனெண்ட்டு! எல்லாருக்கும் டீ சொல்லுய்யா" என்று தோளில் தட்டினார். சடையப்பன் மடக்கிய கையைக் கோப்பை வாங்கியவர்போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வெளியே போனார். ராஜாங்கம் மூன்று குழாய்களையும் தட்டில் வைத்துத் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். அந்த வேலையை அவர் ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை. வினோலியா மெத்தையைத் துடைத்தார். புதுப் பஞ்சை எடுத்து வைத்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

கதவு திறந்தது. சடையப்பன் காலி நாற்காலியில், இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வலது முழங்கையின் மடிப்பில் பஞ்சு அப்படியே இருந்தது. இடது சட்டைக் கையை வெளியிலேயே தோள்வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"அப்பறம் அந்தப் பொண்ணு இன்னா ஆச்சுங்க சிஸ்டரு?" என்று கேட்டு, இடது கையை மெத்தையின் மேல் நீட்டினார்.