ஊசி நிற்கும்வரை

அமலராணிக்கு வாயைவிடக் கைதான் முந்தும். கல்லூரி நாளில், திருவெறும்பூர் பஸ்ஸில் இடுப்பைத் தொட்டவனின் மூக்கை டிபன் கேரியரால் உடைத்தாள். ரத்தம் தெறித்த துப்பட்டாவோடு வந்து இயற்பியல் தேர்வு எழுதினாள். எனக்கு அவளுக்குப் பின் பெஞ்சு. பிறகு இருவரும் ஒரே ஆய்வுத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தோம்.

சேறு எடுப்பதுதான் எங்கள் வேலை. ஏரியின் அடியில் படியும் வண்டலில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் உண்டு. அவை அன்றைய வடக்கைப் பார்த்துப் படியும். பூமியின் காந்தப்புலம் மெல்ல மாறுவதால் அடுக்குக்கு அடுக்கு அந்தத் திசையும் விலகும். பிளாஸ்டிக் குழாயை மரச் சுத்தியலால் அடித்து இறக்கி, சேற்றைக் கலையாமல் எடுத்தால், ஆயிரம் வருடங்களுக்கு முன் வடக்கு எங்கே இருந்தது, மழை எப்படிப் பெய்தது என்று படிக்கலாம். ஸ்ரீரங்கத்துப் பக்கம் கொள்ளிடத்தில் எடுத்துப் பார்த்தோம். வெறும் மணல், வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டியிருந்தது. ஏரிதான் வேண்டும். குழாயை உருவும் முன் அதன்மேல் இன்றைய வடக்கைக் கோடாகக் குறித்துவிட வேண்டும். கோடில்லாத குழாயை வைத்துத் திசை எதையும் சொல்ல முடியாது.

துவாக்குடிக்கு அப்பால் அப்படி ஓர் ஏரி கிடைத்தது. ஆனால் செங்கல் சூளைக்காரர்கள் எங்களுக்கு முன்பே இறங்கி, வண்டலை ஆளுயரத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மதகடி மட்டும்தான் கை படாமல் மிச்சம். அன்று மத்தியானம் அங்கே குழாயை, தலை மட்டும் வெளியே தெரியும்படி இறக்கிவிட்டோம். ராணி மண்டியிட்டு, திசைகாட்டியைக் குழாயின் தலையில் வைத்தாள். அப்போது பொக்லைன் இயந்திரம் கரையில் வந்து நின்றது. சூளை மேஸ்திரி அழகர்சாமி கடப்பாரையோடு இறங்கி வந்தான். ஊசி அவன் பக்கம் திரும்பியது.

"இரும்ப அங்கேயே போட்டுட்டு வாங்க," என்றாள் ராணி.

அவன் சிரித்தான். "இரும்பக் கண்டு பயப்பட நீ என்ன பேயா?"

"கலெக்டர் ஆபீஸ் பர்மிஷன் இருக்குங்க," என்றேன்.

"இருக்கட்டும். ஏரி எங்க கான்ட்ராக்ட். சேத்துல குழாய் சொருகி வெளயாடுறீங்களா?"

கடப்பாரையை ஓங்கிக் குழாயின் தலையில் இறக்கினான். விளிம்பு பிளந்தது. அடுத்த அடிக்கு அவன் கை உயர்வதற்குள் ராணியின் மரச் சுத்தியல் அவன் தாடையில் விழுந்தது. பல் தெறித்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு சேற்றில் சாய்ந்தான்.

அவள் கடப்பாரையை எடுத்துத் தூர எறிந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாடி, போயிடலாம். மேல ஆளுங்க இருக்காங்க."

"இருடி. கோடு போட்டுட்டு வரேன். நாளைக்கு இந்த எடமே இருக்காது."

மறுபடி மண்டியிட்டாள். ஊசி ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்காகக் கரைக்கு முதுகைக் காட்டிக் காத்திருந்தாள். நின்றதும், பிளவுக்குக் கீழே மார்க்கரால் கோட்டை இழுக்கத் தொடங்கினாள். அதற்குள் பொக்லைன் ஓட்டுநர் மண்வெட்டியோடு இறங்கிவிட்டான். நான் கத்தினேன். அவள் திரும்பவில்லை, பாதிக் கோட்டில் கை இருந்தது. மண்வெட்டி பின்மண்டையில் இறங்கியது. விழுந்தவளை இன்னொரு முறை வெட்டினான். நான் அவன்மேல் பாய்ந்தேன். முழங்கையால் என் முகத்தில் இடித்துவிட்டு ஓடினான்.

ஆம்புலன்ஸில் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். என் சேலை முழுக்க நனைந்தது.

"எத்தனை பல்லு போச்சு அவனுக்கு?"

"ரெண்டு."

"பத்தாது," என்றாள். பேசியது அதுதான் கடைசி. ஜி.எச். வாசலில் இறக்கும்போது கை சில்லிட்டிருந்தது.

மறுநாள் போலீஸ் காவலோடு போய்க் குழாயை எடுத்து வந்தோம். மேஸ்திரியும் ஓட்டுநரும் சிறையில் இருக்கிறார்கள். ஆனால் வேறு ஆட்கள் வந்து மதகடியையும் தோண்டிவிட்டார்கள். அந்த ஏரியிலிருந்து இனி எடுக்க ஒன்றுமில்லை.

போன வாரம் அவள் அப்பா ஜேக்கப் ஆய்வகத்துக்கு வந்தார். லேத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தம் காய்ந்த குழாயை வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்குத்தானாம்மா?"

"ஆமாங்கப்பா."

"கோடு பாதியிலயே நிக்குதே. ஆவுமா?"

"திசை தெரிஞ்சாப் போதுங்கப்பா. மீதிய அதே நேர்ல நான் இழுத்துக்குவேன்."

"அப்ப இழும்மா," என்று சொல்லிவிட்டு, குழாய் உருளாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.