வலப்பக்கம் இருந்த கிளாஸ்

என் அத்தானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர்தான். இருபத்தாறு வருஷம் ஒரே ஒயின் கிடங்கில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பழைய ஒயினை முகர்ந்து, ருசித்து, துப்பி, "இது விக்கலாம், இது வேண்டாம்" என்று சொல்லியே சம்பாதித்த பெயர் அது. துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மனுஷன் என் புருஷன்தான் என்று அக்கா கேலி செய்வாள். வீட்டில் அவரும் சேர்ந்து சிரிப்பார். வேலையில் மகா முசுடு. அந்த அறையில் நான் கிளாஸ் கழுவுகிறவள். பதின்மூன்று வருஷமாக வாசனை சோப்பு போட்டதில்லை, பவுடர் பூசியதில்லை. ஒருநாள் கிளாஸை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டேன் என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கவிழ்த்தால் உள்ளே மரவாசனை அடைந்துகொள்ளுமாம். கொழுந்தியா என்ற தாட்சண்யமெல்லாம் அங்கே செல்லாது.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டது. போகும்போது மோப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. அதை முதலில் கண்டுபிடித்தவள் அக்கா. அடுப்பில் பால் அடிபிடித்துக் கருகிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். திரும்பி வரலாம், காத்திருங்கள் என்றார் டாக்டர். காத்திருக்கலாம்தான். நாற்காலி காத்திருக்குமா?

அக்கா என் வீடு தேடி வந்தாள்.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. கண்ணும் இருக்கு. வாசனையை மட்டும் நீ பாத்து அவருக்கு ஜாடையாச் சொல்லிடு. அந்த நாற்காலி போச்சுன்னா உன் அத்தான் ஆளே இல்லடி."

"மாட்டேன்க்கா. தெரிஞ்சா என் வேலையும் சேந்து போகும்."

அக்கா அழுதாள். அவள் அழுதால் நான் என்றைக்குத் தாங்கியிருக்கிறேன்? சரி என்று தொலைத்தேன்.

வழி சுலபமாகத்தான் இருந்தது. பாட்டிலையும் லேபிளையும் பார்க்கக்கூடாது என்பதற்காக, ருசிக்கிறவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். மேஜையில் கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்டபிறகுதான் திரும்புவார். மேஜை நடுவில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். ஊற்றும்போதே நான் மோந்து பார்த்துவிடுவேன். நல்ல ஒயின் என்றால் கிளாஸைத் துணிக்கு வலப்பக்கம் வைப்பேன். கெட்டது என்றால் இடப்பக்கம். அந்த அறையில் கிளாஸ் கழுவுகிறவள் வாயைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் என்னை யாரும் கவனிக்கவில்லை. எட்டு மாதம் இப்படியே ஓட்டினோம்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி இரண்டு வியாபாரிகளை அழைத்து வந்தார். திறக்க வேண்டியது கிரனாஷ் என்கிற திராட்சையில் செய்த, இருபத்திரண்டு வருஷத்துச் சிவப்பு ஒயின். கார்க்கை உருவினேன். என்னையறியாமல் முகம் சுளித்தேன். மழையில் நனைந்து ஊறிப்போன அட்டைப்பெட்டியின் நாற்றம். கார்க்கில் பிடிக்கிற கேடு அது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் அவ்வளவாகப் பிடிபடாது. மூக்கு ஒன்றுதான் சொல்லும். வேறு பாட்டில் திறந்தால் தீர்ந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அத்தான்.

நான்கு கிளாஸில் ஊற்றித் தட்டைத் தூக்கினேன். முதலாளி எழுந்து வந்தார். ருசிக்கிறவரைக் கலைக்கக்கூடாது என்று, அத்தான் காதில் விழாத அளவுக்குக் குரலை இறக்கிக்கொண்டார்.

"குடும்மா. விருந்தாளிங்க வந்திருக்காங்க, இன்னைக்கு நானே வைக்கிறேன்."

தட்டு கை மாறிவிட்டது. வியாபாரிகளுக்கு ஒவ்வொன்று வைத்தார். தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். கடைசிக் கிளாஸை அத்தானின் வெள்ளைத் துணிக்கு வலப்பக்கம் வைத்தார்.

நான் இருமியிருக்கலாம். தண்ணீர்க் கூஜாவைத் தட்டிவிட்டிருக்கலாம். எல்லாம் தோன்றத்தான் செய்தது. இரண்டு வேலையும் ஒன்றாகப் போய்விடும் என்ற பயம் முந்திக்கொண்டது. என் வேலையைத்தான் நான் முதலில் நினைத்தேன்.

அத்தான் திரும்பினார். கிளாஸ் இருந்த பக்கத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. துணிக்கு மேலே கிளாஸைச் சாய்த்துப் பார்த்தார். விளிம்பில் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. வயசான கிரனாஷுக்கு அதுதான் அடையாளம். மூக்கை உள்ளே விட்டு நிதானமாக இழுத்தார். ஒரு வாய் எடுத்தார், சுழற்றினார், வாளியில் துப்பினார்.

"காய்ஞ்ச செர்ரி. ஆரஞ்சுத் தோல். பின்னாடி கொஞ்சம் பழைய தோல்பை வாசனை. தொண்டையில இதமான சூடு. கொஞ்சங்கூடப் பழுதில்ல. அருமையா முதிர்ந்திருக்கு."

அவர் சொன்னதெல்லாம் நல்ல கிரனாஷுக்கு உண்டு. மனப்பாடமாகத் தெரியும் அவருக்கு. வியாபாரிகள் ஒரு தடவை முகர்ந்ததுமே கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். முதலாளி அத்தானைக் குறுக்கே மறிக்கவேயில்லை. இன்னும் ஐந்து வருஷம் தாங்கும் என்பதுவரை சொல்ல விட்டார். எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"போதும் மூக்கரே," என்றார் கடைசியில், தணிந்த குரலில். "நீங்க வீட்டுக்குப் போங்க."

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வலப்பக்கந்தானே வச்சே?" என்று கேட்டார் அத்தான்.

முதலாளி வைத்தார் என்று சொன்னால், நீ ஏன் சும்மா நின்றாய் என்று கேட்பார்.

"ஆமா அத்தான். எனக்குச் சளி. ஒண்ணுமே தெரியல."

திட்டுவார் என்று நினைத்தேன். அந்த முசுடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஐயோ, உனக்குமா? என்னை மாதிரி விட்டுடாத. உடனே கவனி."

அக்கா வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். போர்வையைப் போர்த்தி என்னை ஆவி பிடிக்கச் சொன்னாள். ஒரு கேடும் இல்லாத மூக்கோடு அதற்குள் உட்கார்ந்து அழுதேன். சளி இளகுகிறது என்று அத்தான் வெளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"கார்க்கை எடுத்ததும் உன் மூஞ்சி போன போக்கைப் பாத்தேன். அப்பப் புரியல. உனக்கு நல்ல மூக்கும்மா. அந்த நாற்காலியில நீயே உக்காரு."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆசையாக இருந்தது. பதின்மூன்று வருஷம் பிறர் துப்பிய வாளியைக் கழுவியவளுக்கு ஆசை வராதா? சரி என்றேன்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய், நாற்காலிக்கு ஆள் போட்டுவிட்டார்கள் என்றேன்.

"யாராம்?" என்றார் அத்தான்.

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்போ அன்னைக்கு உனக்குச் சளி இல்ல."

"இல்ல அத்தான்." கிளாஸை வைத்தது முதலாளி என்று இனிமேல் சொன்னால் யார் நம்புவார்கள்?

அக்கா எழுந்தாள். வாசல் கதவைத் திறந்து, நான் வெளியே போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.