சந்தனம் வைத்த கேசட்

ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருந்த நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு நடத்தினோம் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. ஒரே பாட்டு, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். தாளம் ஏழு ஏழாகப் போகும். ஆயுத பூஜைக்கு ஷெட்டில் வாசித்தபோது, "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அப்போது பாட்டு முடிந்திருந்தது. விற்காத கேசட்டுகளைப் பொரி பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம். வாங்கியவர்கள் அதன்மேல் சினிமாப் பாட்டைப் பதிந்துகொண்டார்கள்.

போன மாதம் பெங்களூரிலிருந்து பழைய இசைத்தட்டு சேகரிப்பவர் ஒருவர் கூப்பிட்டார். எங்கள் கேசட்டை வெளிநாட்டில் தேடி அலைகிறார்களாம். கிடைத்த ஒன்றில் பாதிக்குமேல் சினிமாப் பாட்டாம். முழுசாக ஒன்று இருந்தால் இசைத்தட்டாகவே போடலாமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள் இவர்கள்?

என்னிடம் ஒன்றுகூட இல்லை. மற்ற இருவரும் கையை விரித்தார்கள். மிச்சம், ஜூஜுவாடியில் இருக்கும் எங்கள் டிரம்ஸ்காரன். பிரஸ் ஷாப்பில் தகடு அடித்து அடித்தே அவனுக்குக் காது போய்விட்டது. வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சு. விஷயத்தைச் சொன்னதும் பயந்துவிட்டான். பதிவு செய்த அன்று பாட்டின் நடுவில் ஒரு அடியை விட்டிருந்தான். திரும்ப வாசிக்க ஸ்டுடியோக்காரர் விடவில்லை.

"இனிமே எல்லாரும் கேப்பாங்களாடா? நான் உட்ட எடத்த கண்டுபுடிச்சிடுவாங்களே" என்றான்.

கேசட்டைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்தான். ஆயுத பூஜைதோறும் டிரம்ஸ் குச்சியோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறான். குச்சியைத் துடைக்கலாம், கேசட்டை யார் துடைப்பார்கள்? ஓட்டை வழியாக உள்ளே இறங்கிய சந்தனம் நாடாவில் காய்ந்து ஒட்டியிருந்தது.

அவனுடைய பழைய டேப் ரிக்கார்டரில் போட்டேன். சக்கரங்கள் சுற்றின. கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவன் சக்கரத்தையே பார்த்தபடி தொடையில் தட்டிக்கொண்டிருந்தான், ஏழு ஏழாக. திடீரென்று கை நின்றது.

"இங்கதான்டா. தெரியுதா?"

"இல்லடா, தெரியவே இல்ல."

"நெசமாவா?"

"நெசமாதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டத் தொடங்கினான். அவன் கை ஓயும்வரை நான் டேப்பை நிறுத்தவில்லை.