மூன்று வருடம் முன்கூட்டியே

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் நான்காவது மாடியில், மருத்துவச் செலவு கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிரிவில் அவள் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். பரிசீலனை என்பது பெயருக்குத்தான். எந்த விண்ணப்பத்தை எந்த விதியைக் காட்டி வெட்டலாம் என்று துருவுவதே வேலை. அதில் அவள் கைதேர்ந்தவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'கத்தரிக்கோல் அக்கா'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், பாராட்டாகத்தான்.

கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். ஐம்பது வயதில் வேலையை விட்டு வெளியேறிவிடுவது என்று அவளும், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவனும் முடிவு செய்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. இரண்டு அறை வீடு, கார் இல்லை, அலுவலகத்துக்கு நாற்பது நிமிட நடை. திரைச்சீலை கிழிந்தால் தைத்து மாட்டுவாள். கணவனின் அண்ணி வரும்போதெல்லாம் இடித்துக் காட்டுவாள்: "ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, ஒரு நல்ல சோபா வாங்கினா என்ன? போகும்போது கட்டிக்கிட்டா போகப்போறீங்க?"

"விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் அக்கா" என்பதோடு இவள் நிறுத்திக்கொள்வாள்.

உடம்பு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை இருவருக்கும் ரத்தப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர். கணவனின் ரத்த அழுத்த மாத்திரை மலிவான பெயரில் கிடைக்குமா என்று டாக்டரிடமே கேட்டு மாற்றிக்கொண்டாள். மருத்துவத்துக்கென்று மாதாமாதம் தனியாக ஒரு தொகை போட்டுவந்தாள்.

"அதுக்குத்தான் காப்பீடு இருக்கே?" என்று கணவன் ஒருமுறை கேட்டான்.

"அதை நம்பலாமா கூடாதான்னு எனக்குத் தெரியாதா? வெட்டுறதே நான்தானே" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய நாற்பத்தேழாவது வயதில் மேலாளர் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கினார். மாதத்திலேயே அதிகத் தொகையை 'மிச்சப்படுத்திய'வருக்கு ஒரு கேக். முதல் கேக் அவளுக்கு. சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு லாரி ஓட்டுநரின் விண்ணப்பத்தை அவள் வெட்டியிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் தன் கால் ஒருநாள் வீங்கியது என்று அந்த மனிதர் மருத்துவமனையில் வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 'காப்பீடு எடுக்கும்போது நோயை மறைத்தார்' என்று இவள் எழுதியிருந்தாள்.

கேக்கின் மேல் சாக்லேட்டில் ஒரு கத்தரிக்கோல் வரைந்திருந்தார்கள்.

"எவ்வளவு பெரிய தொகை! எல்லாரும் கை தட்டுங்க!" என்றார் மேலாளர். எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று இத்தனை பேர் கூடி நின்று கை தட்டினார்கள். அவர் ஒரு துண்டை எடுத்து அவள் வாயருகே நீட்டினார். விரலெல்லாம் க்ரீம். வாங்கி மென்றவளுக்கு, அந்த இனிப்பு எண்ணெயாக நாக்கில் ஒட்டியது. விழுங்க முடியவில்லை. ஓடிப்போய்க் கழிவறையில் துப்பினாள். காலையில் சாப்பிட்டதும் சேர்ந்து வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, ஓட்டுநரின் கோப்பை மறுபரிசீலனைக்கு எடுக்கும்படி எழுதிக் கையெழுத்திட்டாள். அடுத்த தாளில் ராஜினாமாவை எழுதினாள்.

"மூணு வருஷம் பொறுத்தா முழு ஓய்வூதியம் வரும் மேடம். யாரோ ஒரு லாரிக்காரனுக்காகவா இப்படி?" என்றார் மேலாளர்.

"அவருக்காக இல்ல சார். எனக்கு என்னைப் பார்த்தாலே குமட்டுது."

வீட்டில் கணவன் குழாயடியில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு வருஷம் துண்டு விழுமே" என்றான். பிறகு கையைத் துடைத்தபடி, "பரவால்ல, நான் இன்னும் கொஞ்ச நாள் வேலைக்குப் போறேன். நீ அந்தப் படி ஏறாதே" என்றான்.

அவனுக்கு மூட்டுவலி தொடங்கியிருந்த சமயம் அது. 'இன்னும் கொஞ்ச நாள்' நான்கு வருடமாக நீண்டது. ஓர் அறையை வாடகைக்கு விடவும் வசதியில்லாத வீடு; செலவைத்தான் இன்னும் இறுக்கினார்கள். காலையில் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டுவதைப் பார்க்கும்போது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருக்கும்.

ராஜினாமா செய்த மறுவாரமே, கூட வேலை பார்த்த பெண் போன் செய்தாள். "அக்கா, அந்த லாரிக்காரர் கோப்பை மறுபடியும் மூடிட்டாங்க."

எதிர்பார்த்ததுதான். வெட்டத் தெரிந்தவளுக்கு ஒட்டத் தெரியாதா? டாக்டர் நோய் என்று கண்டுபிடிக்காத ஒரு வீக்கத்தை எப்படி மறைத்திருக்க முடியும் என்று கேட்டு, எந்த விதியைச் சுட்ட வேண்டும், எந்தக் குறைதீர்ப்பு மன்றத்துக்குப் போக வேண்டும் என்று விவரமாக, கோப்பில் பார்த்த முகவரிக்கு ஓட்டுநருக்குக் கடிதம் எழுதினாள். கீழே தன் போன் எண்ணையும் போட்டாள்.

எட்டு மாதம் கழித்து அவர் கூப்பிட்டார். முழுத் தொகையும் வந்துவிட்டதாம். "யாருன்னே தெரியாத எனக்கு இவ்வளவு செஞ்சிருக்கீங்க. நீங்க தெய்வம்மா!"

அந்தச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க. முதல்ல உங்க விண்ணப்பத்தை வெட்டினதே நான்தான்" என்றாள்.

அவர் போனை வைத்துவிட்டார். அவர் செய்தது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.