அடிபட்ட இறைச்சி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓர் இறைச்சிக் கடையில் பதினொரு வருடமாக ஆடு வெட்டுகிறேன். தவக்காலம் நாற்பது நாளும் நான் இறைச்சியை வாயில் வைப்பதில்லை. காலை ஏழு மணியிலிருந்து தொடை, விலா, ஈரல் என்று மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் பின்பக்கத்து அறையில் பருப்பும் கத்தரிக்காயும் தின்ன வேண்டும். கூட வேலை செய்பவர்களுக்கு அது பெரிய பகிடி. உனக்கு மோட்சம் நிச்சயம், ஆனால் நீ வெட்டிய ஆடு எல்லாம் வாசலில் வரிசையில் நிற்கும் என்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த நாட்களில் எனக்குக் கோபம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை, விடுமுறை நாளில், என் தங்கச்சியின் கணவன் எங்களை நகரத்தின் நடுவிலுள்ள ஒரு பிரேசில் இறைச்சிச் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டான். அவனும் தங்கச்சியும், நானும் மனைவியும், நான்கு பேர். மச்சானை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அவர்கள் பிரான்சில் இருந்துவிட்டு ஆறு வருடத்துக்கு முன் எங்களுக்கு அடுத்த ஊரான பார்க்கிங்குக்கு வந்தவர்கள். அவன் வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறான். சொந்த வான், கீழே இரண்டு வேலையாட்கள். தாராளமான ஆள். அவன் கூட்டிக்கொண்டு போனால் வயிறு வெடிக்காமல் ஒருவரும் திரும்ப முடியாது என்று எங்கள் கோயில் பங்கில் எல்லோரும் சொல்வார்கள். நானும் மெச்சியிருக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்தும் இறைச்சியைத் தொடாமல், வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போனேன். மரக்கறி மேசைப் பக்கம் தலை வைத்தும் படுக்காதே, சீஸ் பாண் வைத்து ஏமாற்றுவார்கள், அதைத் தொட்டால் தொலைந்தாய் என்று ஏற்கெனவே போய்வந்தவர்கள் புத்தி சொல்லியிருந்தார்கள். நிலத்துக்குக் கீழே இறங்கிப் போகிற கடை அது. படியிலேயே நெருப்பில் கொழுப்பு உருகும் மணம் வந்தது. நாற்பது நாளைக்குப் பிறகு அந்த மணம் பட்டதும் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

அங்கே முழங்கை நீளத்துக்கும் மேலான இரும்புக் கம்பிகளில் இறைச்சியைக் குத்திக்கொண்டு ஆட்கள் மேசை மேசையாக வருவார்கள். ஒவ்வொருவரின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலும் ஒரு வட்ட அட்டை. பச்சைப் பக்கம் மேலே இருந்தால் இன்னும் வெட்டுவார்கள். சிவப்பைத் திருப்பி வைத்தால் உங்களை விட்டுவிட்டுப் போவார்கள். கம்பியின் நுனியை மேசையில் ஊன்றி, நீளக் கத்தியால் மெல்லிசாகச் சீவ, விழுகிற துண்டைச் சின்ன இடுக்கியால் நாங்கள் பிடிக்க வேண்டும். முதலில் மாட்டின் பின்தொடைத் துண்டு வந்தது. வெளியே கருகி, உள்ளே சிவந்து, வெட்டிய இடத்தில் இரத்தத் தண்ணீர் கசிந்தது. பிறகு விலா, ஆட்டுத்தொடை, ஒரே கம்பியில் நெருக்கிக் குத்திய கோழி இருதயங்கள். கத்தி பிடித்தவனின் மணிக்கட்டை ஒரு தொழில்காரன் பார்வையில் பார்த்து ரசித்தேன். நான் தின்றதை எண்ணினால் வெட்கம்.

தங்கச்சி தின்னவில்லை. நாலைந்து துண்டோடு அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினாள். மச்சான் கதையை நிறுத்தாமலே கையை நீட்டி அதைப் பச்சைக்குத் திருப்பினான். கம்பி வந்தது, கோப்பையில் இறைச்சி விழுந்தது. அவள் மறுபடியும் சிவப்பு. அவன் மறுபடியும் பச்சை. விருந்துக்குக் கூப்பிட்டவன் வற்புறுத்துவதும் வந்தவர்கள் வேண்டாம் வேண்டாம் என்பதும் எங்கள் ஆட்களிடம் புதிதல்ல. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

“எனக்குக் காணும்,” என்றாள் தங்கச்சி.

“நாற்பது நாள் தவம் கிடந்த வயிறு. தின்னு,” என்றான் அவன். பகிடியாகத்தான் சொன்னான். மனைவி மட்டும் சிரிக்காமல் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது இன்னொரு கம்பி வந்தது. தங்கச்சி இடுக்கியோடு கையை நீட்டினாள். நீளக்கைச் சட்டை முழங்கை வரைக்கும் ஏறியது.

இதை நான் தொழிலில் படித்தவன். ஆட்டை ஏற்றி இறக்கும்போது அடித்திருந்தால், தோலை உரித்ததும் தெரியும். அன்றைய அடி கடும் சிவப்பு. மறுநாள் அது கறுக்கும். மூன்று நான்கு நாளானால் ஓரம் மஞ்சளித்துத் துருப்பிடித்த நிறம் வரும். அடிபட்ட இறைச்சியை நாங்கள் சீவி எறிந்துவிடுவோம். என் தங்கச்சியின் கையில் மூன்று நிறமும் இருந்தன. பெரிய வெள்ளி ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டபோது, படியில் விழுந்தேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். ஒரு படியில் ஒருத்தி நாளுக்கு நாள் விழுந்துகொண்டிருக்க முடியாது.

நான் அவள் கையைப் பிடித்து மேசையில் வைத்தேன். “இது இண்டைக்கு. இது நேற்று. இது பெரிய வெள்ளி,” என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது.

தங்கச்சி கையை இழுத்துக்கொண்டு, விடுங்கோ அண்ணை என்று முணுமுணுத்தாள். அட்டையைச் சிவப்புக்குத் திருப்பி அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். மச்சான் அந்த மணிக்கட்டை, காயத்துக்கு மேலேயே, பிடித்துத் தூக்கினான். அவள் முகம் சுருங்கியது. அவன் அட்டையைத் திருப்பினான். கம்பியோடு நின்றவனைப் பார்த்துப் புன்னகைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“அடிக்கிற கைதான் அணைக்கும், மச்சான். உமக்குத் தெரியாததே?”

அது நான் சொன்ன வார்த்தை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் வீட்டுச் சமையல் குசினியில், கையில் கிளாசோடு, இவனுக்கே சொன்னது. என் வாயிலிருந்து போனது அவன் வாயால் திரும்பி வந்ததுதான் என்னைத் தூக்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

மேசைக்கு மேலால் குத்தினேன். அவன் மூக்கு என் முட்டிக்குக் கீழே நெரிந்த சத்தம் கேட்டது. ஆட்டின் விலாவைப் பிளக்கும்போது கேட்கிற சத்தம்தான். கதிரையோடு பின்னால் சரிந்தான், எழும்பினான், கோப்பையால் என் காதடியில் அடித்தான். கோப்பை உடைந்தது. கம்பியோடு நின்றவன் பதறி விலக, சூட்டோடு இறைச்சி நிலத்தில் உருண்டது. மச்சானின் கழுத்துச் சட்டையைப் பிடித்து மேசையில் சாய்த்தேன். வைன் அவன் முகத்தில் ஊற்றுப்பட்டு இரத்தத்தோடு கலந்தது. பக்கத்து மேசைகளில் ஆட்கள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு நல்லாகவே இருந்தது. பொய் சொல்லி என்ன, வருடக்கணக்காக அவ்வளவு நல்லாக எனக்கு இருந்ததில்லை.

என் மற்றக் கையில் மேசையில் கிடந்த இறைச்சிக் கத்தி இருந்தது. எடுத்தது ஞாபகம் இல்லை. எங்கே வைத்தால் எவ்வளவு ஆழம் போகும் என்று கைக்குத் தெரியும். காதுக்குக் கீழே ஓர் இடத்தைக் கண் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தது.

தங்கச்சி கத்தவில்லை. எழும்பி நின்று, சாதாரணமாகக் கேட்டாள்.

“நீங்கள் அண்ணிக்கு அடிக்கேக்குள்ளை, ஆர் அண்ணை வந்து உங்களுக்கு அடிச்சது?”

நான் கத்தியை மேசையில் வைத்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்தப் பழமொழியை நான் எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். மனைவியைப் பார்த்தேன். எனக்காக அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவு மடையன் நான்.

அவள் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “மச்சாளின்ர கையைப் பாத்து நாள் சொன்னீங்கள். என்ர கன்னத்தைப் பாத்தும் சொன்னனீங்கள். வியாழக்கிழமை மஞ்சளாகும், ஞாயிறு பூசைக்குத் தெரியாது எண்டு.”

சொன்னேன். அது உண்மை. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் கை நீட்டிவிட்டேன், ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். அடித்த அன்றிரவே அவளுக்கு ஐஸ் கட்டி சுற்றிக் கொடுத்து, காயம் எப்போது மாறும் என்று ஒரு தொழில்காரனின் நிதானத்தோடு விளக்கியிருக்கிறேன். அதை அன்பு என்று நினைத்தேன். நான் ஐஸ் வைத்தேன், அவன் வைக்கவில்லை என்பதுதான் எங்களுக்குள் இருந்த வித்தியாசம்.

மனைவி இரண்டு கோட்டையும் எடுத்தாள். தங்கச்சியிடம், எழும்பும், அக்கா வீட்டை போவம் என்றாள். அவளுடைய அக்கா பிளேஸ்டோவில் இருக்கிறாள். நான் வழியை மறித்து, நீ எங்கே போகிறாய், அவளை மட்டும் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்றேன். நானும்தான் போறன் என்றாள். தங்கச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் நிலத்தில் கிடந்த இறைச்சியைத் தாண்டிப் படியேறிப் போனார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

முகாமையாளர் பொலிசைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். தனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை, இது குடும்ப விஷயம் என்று மச்சான் நல்ல ஆங்கிலத்தில் சொன்னான். எனக்கும் இல்லை என்றேன். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எங்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மத்தியான வெயிலில் கண் கூசியது.

குடிக்கிற யோசனையில் அவன் வானை வீட்டில் விட்டு வந்திருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரெயில்தான். முதலில் என்னுடைய நிலையம், அடுத்தது அவனுடையது. வேறு பெட்டியில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் மூக்கில் கடையின் துணி, என் காதடியில் அதே கடையின் துணி. ஏறியவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு வேறு இருக்கை தேடினார்கள்.

பிளேஸ்டோவில் ரெயில் நின்று கதவு திறந்தது. இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். ஒருவரும் எழும்பவில்லை. கதவு மூடியதும் அவன், ஏதோ ஒரே வேலைத்தளத்து ஆட்கள் போல, என் பக்கம் குனிந்தான்.

“நாளைக்கு வந்திடுவினம், மச்சான்.”

ஓம் என்று சொல்ல வாய் போனது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன். தங்கச்சி அவனிடம் ஒருநாளும் திரும்பி வரக்கூடாது என்று அந்த இருக்கையில் இருந்தே செபித்தேன். அதே மூச்சில், என் மனைவி நாளைக்கே வந்துவிட வேண்டும் என்றும் செபித்தேன்.